மதிலில் வைத்த தேனடை

நான்கு தேனீப் பெட்டிகளும் ஒரே த்ரீவீலரில் வந்து இறங்கின. புசல்லாவைப் பக்கம் யாரோ ஒருவர் தேனீ வளர்ப்பை விட்டுவிட்டாராம், பெட்டிகள் சும்மா கிடக்கின்றனவாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கணவர் வாங்கி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கட்டுகஸ்தோட்டையில் அவருக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. கடைக்கு வருகிற ஆள் எதைச் சொன்னாலும் நம்புவார். நான் சொன்னால் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு யோசிப்பார்.

முதல் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் கரப்பான்கள் நாலாபக்கமும் ஓடின. உள்ளே இருந்த மரச் சட்டங்களை அந்துப்புழுவின் வெள்ளை நூல் ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருந்தது. புழு மரத்தையும் விட்டுவைக்கவில்லை, வரிவரியாகக் குடைந்திருந்தது. அடைகள் கறுத்துப் போயிருந்தன. சில அறைகளில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. இவை எல்லாவற்றோடும் ஒரு புளித்த வாடை வந்தது.

"இது என்னத்த தூக்கிட்டு வந்தீக்கிறீங்க?" என்றேன்.

"பழைய பொட்டி அப்பிடித்தான் ஈக்கும். கழுவினா சரி."

"அந்த ஆள்ட தேன்பூச்சிக்கு என்ன நடந்திச்சாம்?"

"போய்ட்டாம். ஒரு நாள் காலைல பாத்தா பொட்டி காலியாம்."

நான் இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில், அதிலும் பெரும்பகுதி ஆபரேஷன் தியேட்டரில், நர்ஸாக வேலை செய்தவள். ஒரு நோயாளியை மேசையில் ஏற்றுமுன் என்ன நோய், என்ன மருந்து எடுக்கிறார், எது ஒத்துக்கொள்ளாது என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்போம். இந்தப் பெட்டிகளைப் பற்றி நான் கேட்டது அந்த ஒரே கேள்விதான். தேனீ என்றால் பறக்கிற ஜீவன், இஷ்டமில்லாத இடத்தை விட்டுப் போகும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

தேனீ ஆசை எனக்கு வந்ததே கீழ்வீட்டைப் பார்த்துத்தான். எங்கள் வீடு மகாவலிப் பாலத்துக்கு மேலே, சரிவில் இருக்கிறது. பின்பக்க மதிலைத் தாண்டிப் பன்னிரண்டு படிகள் இறங்கினால் அடுத்த வளவு. அங்கே இருப்பவள் கலஹாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். என்னைவிட இருபது வயது குறைவு. இரண்டு தடவை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், அந்த உழைப்பில் ஒரு துண்டுக் காணி வாங்கி இரண்டு அறை வீடு கட்டியவள். புருஷன் அதற்குள் வேறு குடும்பம் தேடிக்கொண்டான். இரண்டாம் தடவை அவள் போனபோது மகளுக்கு நான்கு வயது. திரும்பி வந்து ஏர்போர்ட்டில் கையை நீட்டியபோது, பிள்ளை பெரியம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு இவளை 'அன்ட்டி' என்று கூப்பிட்டதாம்.

"அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் மிஸ். கஞ்சி குடிச்சாலும் சரி, இனிமே அவள விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். ஆஸ்பத்திரி நர்ஸை எல்லோரும் அழைப்பதுபோல அவளும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவாள். பென்ஷன் எடுத்த பிறகும் அது என்னை விடவில்லை. நான் அவளைத் தங்கச்சி என்பேன்.

கிராம்பு மரத்தில் தானாக வந்து தொங்கிய ஒரு தேனீக் கூட்டத்தைப் பிடித்துப் பெட்டியில் போட்டு, அதைப் பிரித்துப் பிரித்துப் பன்னிரண்டு பெட்டிகளாக ஆக்கியிருந்தாள். தேனை டவுனில் கொடுப்பாள். கூட்டத்தோடு பெட்டி வேண்டுமென்று வருபவர்களுக்குப் பெட்டியோடு கொடுப்பாள். மிச்ச நேரத்தில் தையல். மகள் இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறாள். குவைத்துக்குப் போகாமல் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பன்னிரண்டு பெட்டிகளால்தான். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாதபடிக்குத் தெரியும்.

எங்கள் பழைய பெட்டிகளைப் பற்றிச் சொன்னதும் அவள் மதிலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "பழைய பொட்டின்னா சும்மா வச்சிராதீங்க மிஸ். உள்ளுக்கு நெருப்புக் காட்டணும். அந்துப்பூச்சி முட்டை மூலையில இருக்கும்" என்றாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கிருமி நீக்குவதைப் பற்றி எனக்கே சொல்கிறாளே!

அடுத்த நாள் காலையில் பின்முற்றத்தை நான் தியேட்டராகவே மாற்றிவிட்டேன். கையுறை, முகக்கவசம், பழைய நைட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன். என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருக்கும் கையுறை கொடுத்தேன். "நான் என்ன வயித்தக் கிழிக்கவா போறன்?" என்று முணுமுணுத்தார். போடாவிட்டால் ஒன்றையும் தொடவிடமாட்டேன் என்றதும் போட்டுக்கொண்டார்.

முதலில் சுரண்டல். பெயின்ட் சுரண்டும் தகட்டால் நான்கு பெட்டிகளின் உட்புறத்தையும் மரம் தெரியும்வரை சுரண்டினோம். மெழுகு, அந்துப்புழுக் கூடு, கரப்பான் எச்சம் எல்லாம் செதில் செதிலாக விழுந்தன. மூலைகளுக்குக் கம்பித் தூரிகை. பிறகு, வலீமா விருந்துகளுக்கு வாடகைக்கு விடுகிற பெரிய பிரியாணிச் சட்டியைக் கடையிலிருந்து கொண்டுவரச் செய்து, சலவைச் சோடா போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். அடைகளை வெட்டி எடுத்துவிட்டுச் சட்டங்களை அதில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் அமுக்கிப் பிடித்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் கணவர் எடுக்கப் போனார். கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

கடைசியாக நெருப்பு. கடையிலிருந்து கொண்டுவந்த, தீச்சுவாலை கக்கும் புளோ லாம்ப்பை அவர் பிடிக்க, பெட்டியை நான் திருப்பித் திருப்பிக் காட்டினேன். மரம் வெந்து தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வரவேண்டும். அதைவிடக் கறுத்தால் மரம் கெட்டுவிடும், அதைவிட வெளுத்தால் கிருமி சாகாது. ஒரு பெட்டியின் விளிம்பைக் கருக்கிவிட்டு, "டிசைன்" என்றார். அன்று முழுக்க நாங்கள் சண்டை பிடித்ததும் சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. நான் சந்தோஷமாக இருந்தேன். நல்ல வேலை செய்கிறோம் என்ற நிம்மதி. ஓய்வு பெற்ற பிறகு அப்படியொரு நாள் எனக்கு வாய்க்கவேயில்லை.

பின்னேரம் பார்த்தால், வெட்டி எடுத்த அடைகள் மட்டும் ஒரு பெரிய பேசின் நிறையக் கிடந்தன.

"குழி தோண்டுங்க, எரிச்சிரலாம்" என்று சொன்னவள் நான்தான். அவர் மண்வெட்டியை எடுத்தார். அடைகளைக் கொட்டப் போனபோதுதான் மேல்பகுதிகளில் தேன் இருப்பதைப் பார்த்தோம். மெழுகு மூடிய தேன். தகடு பட்ட இடத்திலிருந்து பேசினில் வழிந்துகொண்டிருந்தது.

இருவரும் நின்றுவிட்டோம்.

தேன் மருந்து என்று சின்ன வயதிலேயே குர்ஆனில் ஓதிப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் தேன் போத்தலை நிலத்தில் வைக்கமாட்டோம். காய்ச்சலென்றாலும், பிள்ளை பிறந்தாலும் முதலில் நாவில் தொட்டு வைப்பது அதைத்தான். அதை எடுத்து நெருப்பில் போடுவதா?

"தேன எப்பிடி நெருப்புல போடுற? பாவம் இல்லையா?" என்றார் அவர்.

"நாங்க திங்கவும் ஏலாது. கரப்பான் ஓடின தேன்."

"அப்ப மதில்ல வைங்க. அல்லாஹ்ட படைப்பு ஏதாவது தின்னட்டும்."

எங்கள் வீட்டில் அது வழக்கம். மிஞ்சிய சோறு, காய்ந்த ரொட்டி, பழத்தோல் எதையும் குப்பையில் போடுவதில்லை. பின்மதிலில் வைத்தால் காகமும் அணிலும் தின்றுவிட்டுப் போகும். என் உம்மா அப்படித்தான் செய்தார். நானும் யோசிக்காமல் அப்படித்தான் செய்கிறேன். பேசினில் பாதியை இரண்டு வாழை இலைகளில் பரப்பி மதிலில் வைத்தேன். மீதியைப் பிறகு வைக்கலாம் என்று ஒரு பெயின்ட் வாளியில் போட்டு, மூடி, துணி துவைக்கிற கொட்டிலில் வைத்தேன்.

அது பூவில்லாத மழைக் காலம். பத்து நிமிடத்தில் முதல் தேனீ வந்தது. அடுத்த நாள் வெயில் ஏறும்போது மதில் தெரியவில்லை, அவ்வளவு தேனீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இறக்கை அடித்து, அந்த அடைகளை நக்கித் துடைத்தன. எனக்கு மெய் சிலிர்த்தது. போனில் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். 'எங்கட வீட்டு விருந்தாளிகள்' என்று கீழே எழுதினேன். மூன்றாம் நாள் இலையில் மிஞ்சியது வெறும் சக்கை மெழுகு. ஏதோ பெரிய நன்மை செய்துவிட்ட நினைப்பில் இருந்தேன்.

பெட்டிகள் நான்கையும் வெயிலில் காயவைத்து, செங்கல் அடுக்கி மேலே வைத்தோம். புதுக் கூட்டம் தானாக வந்து குடியேற, உள்ளே தடவச் சுத்தமான மெழுகு வேண்டும். கீழ்வீட்டுக்காரி தன் பெட்டியிலிருந்து எடுத்த மெழுகுக் கட்டியைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். என் பெட்டிகளுக்குள் மூக்கை விட்டுப் பார்த்து, "யம்மா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிறு காலை கீழேயிருந்து அவளுடைய குரல் வந்தது.

"மிஸ்! கொஞ்சம் எறங்கி வாங்களேன்!"

குரல் சரியில்லை. படியில் இறங்கினேன். இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. உள்ளே அடை இருந்தது, ஒரு தேனீகூட இல்லை. முந்திய நாள் இருந்ததாம், காலையில் பார்த்தால் மொத்தக் கூட்டமும் போய்விட்டதாம். அவள் மூன்றாவது பெட்டியின் மூடியை என் முன்னால் தூக்கினாள்.

முதலில் எனக்கு வந்தது அந்த வாடை. புளித்த வாடை. என் முற்றத்தில், புசல்லாவைப் பெட்டிகளைத் திறந்தபோது வந்த அதே வாடை.

அவள் ஒரு சட்டத்தை உயர்த்திப் பிடித்தாள். அறைகளுக்குள் வெள்ளையாக, சுருண்டு இருக்கவேண்டிய குஞ்சுப் புழுக்கள் மஞ்சளாகவும் பழுப்பாகவும் உருகிக் கிடந்தன. சிலது காய்ந்து அறையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. காய்ந்தால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்தான் அதை நாள் முழுக்கச் சுரண்டியிருந்தேனே! அந்த ஆளின் தேனீக்கள் ஏன் போயின என்று அந்த நிமிடத்தில் புரிந்தது. என் மதிலுக்கு வந்த தேனீக்கள் யாருடையவை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அப்படி ஒரு கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. படைப்பு, படைப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல மிஸ்" என்றாள் அவள். "யாரு கண்ணு பட்டுச்சோ." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க உங்க பொட்டிய கொஞ்ச நாளைக்கு மூடி வைங்க. புதுக் கூட்டம் வந்து ஏறினா, என்கிட்ட இருந்து உங்களுக்கும் தொத்திக்கும்" என்றாள்.

என் பெட்டிகளுக்குத் தொற்றிவிடும் என்று அவள் பயப்படுகிறாள். தலையை ஆட்டினேன்.

அவள் போன் பண்ணியதும், ஞாயிறு என்று பாராமல் அன்று மத்தியானமே விவசாயத் திணைக்களத்துத் தேனீ அதிகாரி வந்தார். சிங்கள இளைஞர். தமிழ் நன்றாகவே பேசினார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, தீக்குச்சியால் ஒரு புழுவைத் தொட்டு, நூல்போல இழுபடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். பன்னிரண்டில் இரண்டு காலி. ஐந்தில் நோய். ஐந்து இன்னும் நன்றாக இருந்தன. அந்த ஐந்தையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் தப்புமா என்று அவள் கேட்டாள்.

"எங்கேருந்து வந்ததுன்னு தெரியாம கொண்டுபோக ஏலாதம்மா. அங்க ஈக்கிற பூச்சிக்கும் குடுத்துருவோம்" என்றவர், எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்: "பக்கத்துல எங்கயாவது பழைய அடை, பழைய தேன் வெளிய வச்சாங்களா? பூச்சி அப்பிடித்தான் இத எடுத்துட்டு வரும்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு அவள் சொன்னாள், "இல்லீங்க சேர். அப்படி ஒன்னும் இல்ல."

வியாழக்கிழமை திரும்பி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். நோய் வந்த ஐந்தையும் அடைகளோடு எரிக்கச் சொன்னார். தேனீக்கள் எல்லாம் வீடு திரும்பும் நேரம் பார்த்து, அந்தியில், மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், அவள் வாசல் துவாரங்களில் துணியை அடைத்தாள். உள்ளே பெற்றோல் ஊற்றினாள். அந்த இரைச்சல் அடங்கும்வரை காதைப் பொத்திக்கொண்டு வீட்டுச் சுவரோடு நின்றாள். பிறகு அடைகளைக் குழியில் போட்டுக் கொளுத்தினாள். நான் குசினி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து அவள் தோளைப் பிடித்தபோதுதான் ஜன்னலை விட்டு வந்தேன்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க தெரிஞ்சா செஞ்சோம்?" என்றார்.

"நான் தெரிஞ்சவ! நீங்க தெரியாதவர், நான் தெரிஞ்சவ!" என்று கத்தினேன்.

தியேட்டரில் இரத்தம் தோய்ந்த ஒரு பஞ்சு, தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பைக்குப் பதிலாகச் சாதாரணக் குப்பைக்கான கறுப்புப் பையில் விழுந்ததற்காக ஒரு சிற்றூழியரை அழ வைத்தவள் நான். புண்ணிலிருந்து எடுத்த எதையும் திறந்த இடத்தில் வைக்கக்கூடாது என்று வருடக்கணக்கில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். பெட்டியைக் கழுவினேன், கொதிக்க வைத்தேன், நெருப்புக் காட்டினேன். நோயை மட்டும் எடுத்து வாழை இலையில் பரிமாறினேன். தேன் என்ற ஒரே காரணத்துக்காக அது எனக்குக் கழிவாகத் தெரியவில்லை.

நாளைக்குச் சொல்வோம் என்றார் கணவர். நானும் சரி என்றேன். திங்கள் போனது. செவ்வாய் போனது. ஒவ்வொரு முறையும் படிவரை போய், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பினேன். இனி சொல்லி என்ன ஆகப் போகிறது, மதிலில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டதே என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். வெட்கமாக இருக்கிறது எழுத. பயம்தான் காரணம். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம்.

புதன்கிழமை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மதிலுக்குக் கீழே அவள் போனில் பேசுவது கேட்டது. "வயசு நாப்பத்தொன்னுங்க. ஆமா, குவைத்துலதான் இருந்தேன். அரபி தெரியும்... இல்லீங்க, மக பரீட்சை முடியிற வரைக்கும் தள்ள முடியாதுங்களா?"

கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு இறங்கினேன். அவள் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஒரே மூச்சில் சொன்னேன். புசல்லாவைப் பெட்டி, அடை, மதில், வாழை இலை, எல்லாவற்றையும்.

அவள் முகம் மாறவில்லை.

"தெரியும் மிஸ்" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்தது.

"அன்னைக்கு என் பூச்சி எல்லாம் உங்க மதில்ல இருந்துச்சு. இங்கேருந்து பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். மழையில பூவு இல்லாத நேரம், மிஸ் வீட்டு புண்ணியத்துல வயிறு நெறயுதுன்னு சந்தோசப்பட்டேன். அது தப்புன்னு எனக்கு அப்போ தெரியாது. சேர் கேட்டப்பதான் வெளங்குச்சு. ஒங்களப் பாத்தேன். நீங்க கீழ பாத்தீங்க."

"பொறகு ஏன் தங்கச்சி இல்லன்னு சொன்னீங்க?"

"வெளி ஆளு முன்னால உங்களக் காட்டிக் குடுக்க மனசு வரல. அவரு போனதும் நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஞாயித்துக்கெழமையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன் மிஸ்" என்றாள்.

யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள விட்டுவிட்டு, "பூச்சி எல்லாத்தையும் தின்னு தீத்துருச்சுல்ல? மிச்சம் ஒன்னும் இல்லையே?" என்று கேட்டாள்.

"மிச்சம் வாளில ஈக்கு. மூடித்தான் வச்சேன்" என்றேன், அப்போதுதான் அது நினைவுக்கு வந்தவளாக.

இருவரும் மேலே ஓடினோம். துணி துவைக்கிற கொட்டிலில் வாளி வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியும் மூடித்தான் இருந்தது. மூடியின் ஓரத்தில், பெயின்ட் ஊற்றுவதற்குத் திறக்கும் சின்னத் துவாரத்தின் தக்கை மட்டும் இல்லை. நான் மூடியைத் திறந்தேன். கும்மென்று ஒரு கொத்துத் தேனீ எழும்பியது. கொட்டிலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக மதிலைத் தாண்டிக் கீழே இறங்கியது. அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு அவை போகிற வழியையே பார்த்தாள்.

"கிராம்பு மரத்துப் பொட்டி" என்றாள். "மொத மொதல்ல வந்த கூட்டம். அது தப்பிச்சிரும்னு நெனச்சேன்."

நான் வாய் திறக்காமல் இருந்த அந்த நாட்களிலும் அவை வந்து வந்து எடுத்துக்கொண்டுதான் போயிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்த வாளியைத் தேடியிருப்போம். நல்ல ஐந்தும் வேறு வளவில் இருந்திருக்கும். முதலில் செய்தது தெரியாத்தனம் என்று யாராவது எனக்குச் சலுகை கொடுக்கலாம். இதற்கு யாரும் எதுவும் கொடுக்க முடியாது.

வியாழக்கிழமை அதிகாரியிடம் நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, ஐந்து பெட்டிகளையும் திறந்து பார்த்துவிட்டு மூடிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். அடுத்த இரண்டு வாரத்தில் கிராம்பு மரத்துப் பெட்டியோடு சேர்ந்து அந்த ஐந்தும் நோயில் முடிந்தன. எங்களால் முடிந்ததைத் தருகிறோம், பிள்ளையின் பரீட்சைவரையாவது இரு என்று நானும் என் கணவரும் போய்க் கெஞ்சினோம். "நாலு நாளைக்கு வாங்கித் தின்னலாம் நானா. அதுக்குப் பொறகு?" என்று, ஓர் அண்ணனைக் கேட்பதுபோல அவரைத்தான் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை.

மறுபடி குவைத்துக்குப் போவதென்று, மகளைக் கலஹாவில் அக்கா வீட்டில் விட ஏற்பாடு செய்தாள். ஏர்போர்ட்டுக்கு வேன் வருவதற்கு முந்திய நாள், அவளும் பிள்ளையுமாகப் பெட்டிகளை ஒவ்வொன்றாக அந்தப் படிகளில் சுமந்து வந்து எங்கள் பின்முற்றத்தில் அடுக்கினார்கள். அடை இல்லாத வெறும் பெட்டிகள், பன்னிரண்டு. நான் வாங்கப் போனபோது, "பரவாயில்ல மிஸ், பாரம்" என்றாள்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"பொட்டியையும் எரிக்கச் சொன்னாங்க. மனசு வரல, நல்ல மரம். உங்க பொட்டிக்குச் செஞ்ச மாதிரியே சொரண்டி, கொதிக்க வச்சு, நெருப்புக் காட்டி வைங்க மிஸ். நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றாள். பிறகு சொன்னாள், "உங்க அளவுக்கு இத சுத்தமா செய்ய யாராலயும் முடியாது."

குத்தலாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். குத்தலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நம்பித்தான் சொன்னாள்.